மூன்று வருஷத்து மகள்

என்னை முதன்முதலில் மகளாக எடுத்துக்கொண்டவர்கள் மிகவும் நல்லவர்கள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களில் அவர்களை அறிந்த யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அவர் மனைவி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. பால்காரனிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை வரை எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு', 'சாமி'. இவ்வளவு போதும், நம் ஊரில் ஒருவரை நல்லவர் என்று சொல்ல. அந்தப் பட்டம் எத்தனை மலிவானது என்பதை நான் ஆறு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் தெற்குக் கல்கத்தாவில் ஒரு ஹோமில் இருந்தேன். ஹவுரா ஸ்டேஷனில் தனியாக நின்றுகொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஹோமில் எங்களைப் பார்த்துக்கொண்ட தீதிகள் சொல்வார்கள். அதற்கு முன்னால் என்ன என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி நான் ஏங்கியதும் இல்லை. ஏங்கியிருப்பேன் என்று முடிவு செய்துகொண்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். அவர்களுக்கு நான் தேநீர்கூடக் கொடுப்பதில்லை.

அந்தத் தம்பதி வந்த அன்று எங்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். கழுத்தைப் பார்த்தாள், முடியை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது அவள் இவ்வளவு திருப்பிப் பார்த்ததில்லை என்பதைப் பிறகு கவனித்தேன். அவர் ஜன்னலோரம் நின்று, இதெல்லாம் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று காட்டுகிற முகத்தோடு, எதையும் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் பிற்பாடும் நிறையப் பயன்படுத்தினார்.

எனக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். முதல் மாடி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தேங்காயும் கறிவேப்பிலையும் விற்கிற கடைகளின் சத்தம் கேட்கும். அவர்கள் படுக்கையறையிலேயே எனக்கு ஒரு சின்னக் கட்டில் போட்டார்கள். நல்ல பள்ளியில் சேர்த்தார்கள். 'அம்மா', 'அப்பா' என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு அம்மாவைக் காட்டிக் கூப்பிடச் சொன்னால் அது கூப்பிடும். அதற்குப் பெயர் பாசம் என்று நினைத்தவர்கள் அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அலுவலகத்துக்காரர்கள், வங்கி மேனேஜர்கள், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் மனைவிமார். நான் ஹாலின் நடுவில் நின்று தமிழில் ஒரு சாமி பாட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் அவளைப் பார்த்து, "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்பார்கள். பாட்டுச் சொன்னவள் நான். பாராட்டு அவளுக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம கையில என்னங்க இருக்குது" என்பாள். வந்த ஒருவராவது என்னிடம், உனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

தமிழ் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பேசும்போது வங்காளம் கலந்து உளறியதால், கேட்பதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் நான் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சிநேகிதியோடு என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ஜோசியர் சொன்னாருங்க. ஒரு பொண்ணக் கொண்டாந்து வீட்டுல வெச்சு வளத்துங்க, ரெண்டு வருசத்துல உங்க மடி நெறஞ்சிரும்னு. பையன எடுத்தா, நாளைக்கு நமக்குன்னு ஒண்ணு பொறந்தா சொத்துப் பங்குக்கு நிப்பான் பாருங். அதானுங்க பொண்ணு."

"இவளுக்குப் புரியப்போகுது."

"இதுக்கெங்கீங்க தமிழு."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மொத்தமாக என்ன என்று புரியவில்லை. மடி நிறைவதென்றால் நான் போய் மடியில் உட்காருவது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாயந்திரம் போய் உட்கார்ந்தேன். "வேர்க்குது, எந்திரி கண்ணு" என்றாள்.

ஆக, நான் குழந்தை இல்லை. குழந்தைக்காகச் செய்கிற பரிகாரம். விளக்குப் போடுவது, அரசமரம் சுற்றுவது, அநாதைப் பெண்ணுக்குச் சோறு போடுவது.

சட்டப்படி நான் அப்போது அவர்கள் மகளும் இல்லை. முதலில் வளர்ப்புக்கு என்று ஒப்படைப்பார்கள். குழந்தை வீட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு கோர்ட்டுக்குப் போய் முறைப்படி தத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஞாபகப்படுத்த ஹோமிலிருந்து ஒரு தீதி வருவாள். அவளுக்கு டீயும் முறுக்கும் கொடுத்து, "அடுத்த மாசம் போறோம்" என்பார் அவர். அடுத்த மாதம் வக்கீல் ஊரில் இருக்கமாட்டார். அதற்கு அடுத்த மாதம் அலுவலகத்தில் ஆடிட். பிறகு துர்கா பூஜை விடுமுறை, பிறகு ஆடி மாதம், நல்ல காரியம் ஆகாது. தீதி முறுக்கைத் தின்றுவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். அவளுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வீடு சுத்தமாக இருந்தது, அய்யா அதிகாரி, அம்மாள் சாந்தமாகப் பேசுகிறாள். இதற்கு மேல் ஒரு தீதிக்கு என்ன வேண்டும்?

ஜோசியர் பலித்துவிட்டார். எனக்கு எட்டு வயதாகும்போது அவளுக்கு வளைகாப்பு. ஊரிலிருந்து அத்தைகளும் சித்திகளும் ரயிலேறி வந்திருந்தார்கள். அதில் ஒரு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் குப்பத்தொட்டில கெடந்ததோ. இந்த நேரத்துல அது கண்ணு முன்னால நிக்கறது ஆவாது, அக்கட்டால அனுப்பிப்போடு" என்றாள். என் அம்மா, அதாவது அன்றைக்கு நான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பாவாடை சட்டை போட்டுவிட்டு, தலையில் பூ வைத்து, கீழ் வீட்டில் போய் உட்கார் என்று அனுப்பினாள். பூ வைத்து அனுப்பியதை நான் மறக்கவில்லை. எதைச் செய்தாலும் அழகாகச் செய்கிறவள்.

கீழ் வீட்டில் ஒரு தூத்துக்குடிக்காரி தனியாக இருந்தாள். கிறிஸ்தவப் பெண், நாற்பது வயதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் ஸ்டெனோ. அவள் அப்பா அந்தக் காலத்தில் அங்கேதான் துறைமுகத்தில் இருந்தார். குழந்தைகளைக் கண்டால் கதவைச் சாத்துவாள் என்று தெருவில் பெயர். நான் அவளை மற்றக் குழந்தைகளைப் போல 'மாஷி' என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் சித்தி, பெரியம்மா எல்லாம் மாஷிதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நைட்டி போட்டுக்கொண்டு ஆம்லெட்டைக் கருக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல என்னட்டி சத்தம்?"

"வளைகாப்பு."

"அப்பம் நீ ஏன் இங்க வந்த?"

"நான் கண்ணு முன்னாடி நின்னா ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"அத்தை."

"உங்கம்மா என்ன சொன்னா?"

"பூ வச்சு விட்டாங்க."

மாஷி அடுப்பை அணைத்தாள். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஹால் முழுக்கப் பட்டுப்புடவைகள். நடுவில் என் அம்மா நாற்காலியில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஷி என்னைக் கொண்டுபோய் அவள் காலடியில் உட்காரவைத்தாள்.

"வீட்டுக்கு மூத்த பிள்ளைய விட்டுட்டு யாருக்கு வளையல் போடுதிய? இவளுக்கும் கை ரெண்டு இருக்குல்லா?"

அந்த அத்தை சுவரைப் பார்த்தாள். பிறகு யாரோ இரண்டு பச்சை வளையல்களை எடுத்து என் கையில் மாட்டினார்கள். பெரியவர்கள் அளவு, மாட்டியதுமே வழுக்கிக்கொண்டு போயிற்று. மாஷி துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாய் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் இறங்கிப் போய்விட்டாள். அவள் போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணமாகாதவளுக்கு என்ன தெரியும் என்பதுதான் பேச்சு. வயிற்றில் இருக்கிறவனுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே காலடியில் இருக்கிறவளை எப்படி நகர்த்துவது என்று அவர்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது.

பையன் பிறந்தான். என் கட்டில் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. பிறகு கட்டிலே போய்விட்டது; சமையலறைக்குப் போகிற நடையில் பாய். பள்ளி தூரம், கொண்டுபோய் விட ஆளில்லை என்று பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். துணி அலசினேன், பால்புட்டி கொதிக்கவைத்தேன், தொட்டில் ஆட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அதைச் சொல்லித்தான் பிற்பாடு அவர்கள் வாதாடினார்கள்: "ஒரு அடி அடிச்சிருப்பமா?" அடிக்காததைக் கொடையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வேண்டும். என்னைக் கண்டால் முழு உடம்பையும் ஆட்டிச் சிரிப்பான். அந்த வீட்டில் என்னைப் பார்த்ததில் காரணம் இல்லாமல் சந்தோஷப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

அவன் தவழ ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து விழுந்தான். நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் ஹாலில் ஊருக்கு டெலிபோன் பேசிக்கொண்டிருந்தாள். அழுகை கேட்டு நான் ஓடிவந்தபோது அவள் அவனைத் தூக்கி வைத்திருந்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு யோசனை ஓடியதை நான் பார்த்தேன். அன்றைக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை.

அவர் அலுவலகத்திலிருந்து வந்ததும், "இவதானுங்க கட்டில்ல ஏறி ஆடிட்டு இருந்தா. புடிச்சுத் தள்ளிப்போட்டா" என்றாள்.

"நான் மாடியில இருந்தேன் அப்பா. துணி காயப் போட்டேன்."

"பொய் சொல்லக்கூடாது கண்ணு" என்றார் அவர், மிகவும் மெதுவாக. மாடிக்குப் போய்க் கொடியைப் பார்த்திருக்கலாம். பாதித் துணி ஈரமாக வாளியில் கிடந்தது. அவர் போகவில்லை. கணக்கு அதிகாரி, சரிபார்ப்பதுதான் தொழில்.

சில நாட்களில் அவள் அந்தப் பொய்யைத் தானே நம்பிவிட்டாள். வருகிறவர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறாமைங்க. அது ரத்தம் வேற பாருங், நாம எத்தன பாசம் காட்டினாலும்…" என்பாள். முன்பு பெரிய மனசு என்று சொன்ன அதே ஆட்கள் இப்போது, "நீங்க ஜாக்கிரதையா இருங்க" என்றார்கள். முறுக்கு தின்கிற தீதியிடமும் சொன்னார்கள். அவள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வைத்திருந்தாள்: அட்ஜஸ்ட். குழந்தை அட்ஜஸ்ட் ஆகவில்லை. ஆகவேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது.

ஒரு காலை எனக்கு நல்ல கவுன் போட்டுவிட்டு, "உன்ற பழைய பிரண்டுகளப் பாக்கப் போலாம் அம்மிணி" என்றாள். டாக்சியில் போனோம். என் துணிகள் ஒரு ரெக்ஸின் பையில் இருந்தன. பிரண்டுகளைப் பார்க்க எதற்குத் துணி என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவிடுகிறது, அதனால் கேட்பதில்லை. ஹோம் அலுவலக அறையில் அவர், "குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும்தான்" என்றார். பெரிய தீதி தலையை ஆட்டினாள். எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும், எல்லோரும் அதை மரியாதையோடு நடத்தினார்கள்.

அவள் அழுதாள். மூச்சு முட்ட அழுதாள். ஒரு தீதி ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் வரவில்லை, ஏனென்றால் நான் அழவில்லை. இந்த உலகத்தில் யார் சத்தமாக அழுகிறார்களோ அவர்கள்தான் இழந்தவர்கள். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "போயிட்டு வந்தர்றோம் சாமி" என்றாள். பையனை அன்று கூட்டிவரவில்லை. அவனிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

ஹோமில் எனக்கு வங்காளம் பாதி மறந்திருந்தது. குழந்தைகள் என்னை 'மாத்ராஜி', மதராஸ்காரி, என்று கூப்பிட்டார்கள். பார்வையாளர்கள் வரும் நாளில் என்னை வரிசையில் நிறுத்தவில்லை. ஒன்பது வயது, அதிலும் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. பெரிய தீதி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதை இனி யாரும் எடுக்கமாட்டார்கள்." எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா என்று கூப்பிட்டு முடித்த வாய் எனக்கு. இனி யாரும் எடுக்காவிட்டால் நல்லது என்று இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஷி வந்தாள். மாடி வீட்டைக் காலிசெய்து லாரி ஏற்றும்போது, "பிள்ளை எங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஹாஸ்டலில் சேர்த்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஹாஸ்டல் என்று கேட்டதற்கு அவர் லாரிக்காரனோடு பேசப் போய்விட்டாராம். அவர்கள் போன பிறகு விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என் எதிரில் நின்றாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"எனக்குப் பிள்ளைகளப் பிடிக்காது. முதல்லயே சொல்லுதேன். சமைக்கவும் வராது. காலைல போனா ராத்திரிதான் வருவேன். வாரியா?"

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். "அந்த மூதிகள நெனச்சா எனக்கு வயிறு எரியுது" என்றாள். "அதான்."

என்னை யாராவது அன்பினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் எழுந்து போயிருப்பேன். வயிற்றெரிச்சல் என்பதால் நம்பினேன்.

ஹோம் கொடுக்க மறுத்தது. தனியாள், வேலைக்குப் போகிறவள், வேற்று மதம். கமிட்டி என்று நாலு பேர் உட்கார்ந்து, குழந்தையை மதம் மாற்றுவீர்களா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்றெல்லாம் கேட்டார்கள். மாஷி வங்காளத்தில் நன்றாகச் சண்டை போடுவாள். "எல்லாத் தகுதியும் இருந்த இரண்டு பேரிடம் கொடுத்தீர்களே, அவர்கள் எங்கே? கூப்பிடுங்கள், நான் பார்க்க வேண்டும்" என்று கேட்டாளாம். அவர்கள் குறித்துக்கொண்டார்களாம். ஒரு துர்கா பூஜை போய் அடுத்த பூஜை வரும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். கடைசியில் விட்டுவிட்டார்கள், அலுத்துப்போய்.

கோர்ட்டில் இன்னொரு வேடிக்கை. அப்போதைய சட்டத்தில் இந்துக்கள்தான் தத்தெடுக்கலாம். கிறிஸ்தவப் பெண் 'கார்டியன்' ஆகலாம், அதுவும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை. மகளாக எடுத்துக்கொள்ள எல்லா உரிமையும் இருந்தவர்கள் என்னை முறுக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள். மாடி ஏறி வந்து சண்டை போட்டவளுக்கு அந்த உரிமை இல்லை. கோர்ட் வாசலில் மாஷி, "கார்டியன்னா காவக்காரன்லாட்டி. தொப்பியும் விசிலும் எப்பம் தருவானுவ?" என்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

அவளோடு இருந்த வாழ்க்கையை இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பழக ரொம்ப நாளாயிற்று. நான் சோற்றை அலமாரியில் ஒளித்து வைப்பேன், எறும்பு வரும், அவள் கத்துவாள். என் ரெக்ஸின் பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கவே மாட்டேன். அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நாள் அந்தப் பையைத் தூக்கித் தெருவில் போகிற பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்க போவ? பையும் இல்ல" என்றாள். எனக்கு முழங்காலில் அடிபட்டால், "பாத்து நடக்கமாட்டியா எருமை" என்று திட்டிக்கொண்டே கிடர்பூரிலிருந்து பாதி நாள் லீவு போட்டு வருவாள். அவளை நான் கடைசிவரை மாஷி என்றுதான் கூப்பிட்டேன். அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. அந்த ஒரு மரியாதைக்காகவே அவளுக்கு எதையும் செய்யலாம்.

கோயிலுக்கு, அதாவது அவர்கள் சர்ச்சுக்கு, என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்ததும் வதந்தி கிளம்பியது. நான் அவள் வயிற்றில் பிறந்தவள், அப்பன் எவனோ கப்பல்காரன், இத்தனை வருஷம் எங்கேயோ ஒளித்து வளர்த்திருக்கிறாள் என்று. நாலு பேரோடு உட்கார்ந்து பைபிள் படிக்கிறவர்கள்தான் இதையும் பேசினார்கள். மாஷிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "யாராவது கேட்டா, ஆமா, நல்ல உயரம், கிரேக்கக் கப்பல்னு சொல்லிரு" என்பாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்த அன்று சட்டப்படி அவள் எனக்கு யாரும் இல்லை என்றாயிற்று. அதற்குப் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாமாம். பத்திரிகையில் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கட்டும். இப்பம் உன்ன எடுத்து இடுப்புலயா வைக்க?" என்று மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுத் தூங்கப் போனாள். ஆனால் அந்தப் பத்திரிகையை மறுநாள் பழைய பேப்பரோடு போடவில்லை.

நான் கல்லூரி முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்தது இது. ஊர்ப் பெயர் கொல்கத்தா என்று மாறியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "அம்மிணி" என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பருத்திருந்தாள். அவர் தலை வெளுத்திருந்தார். காளிகாட்டுக்கும் தட்சிணேஸ்வரத்துக்கும் போக வந்தார்களாம். பழைய இடத்தைப் பார்க்கலாம் என்று மார்க்கெட் வந்தார்களாம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நடுமார்க்கெட்டில், எல்லோரும் பார்க்க. "எத்தன உசரமா வளந்துட்ட! உன்னய நெனைக்காத நாளில்ல கண்ணு." என் முகவரி கிடைக்காமல்தான் இத்தனை வருஷம் வராமல் இருந்ததுபோல. ஹோமுக்கு ஒரு போன் செய்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் பக்கத்தில் அந்தப் பழைய சங்கட முகத்தோடு நின்றார்.

அவர்கள் பின்னால் ஒரு பையன், மீசை அரும்பத் தொடங்கிய வயது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும்மா?"

அவள் கண நேரம்கூடத் தடுமாறவில்லை. "நீ குட்டியா இருக்கையில நம்ம வீட்டுல உன்னயப் பாத்துக்கிட்ட பொண்ணு சாமி."

"வேலைக்காரியா?" அவன் கேட்டது கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். ஒரு மனிதனுக்கு அந்தச் சந்தர்ப்பத்தையாவது கொடுக்கலாம் என்று. அவர் முருங்கைக்காயைப் பார்த்தார்.

"இல்லப்பா" என்றேன். "நான் உங்க அம்மாவ அம்மான்னு கூப்பிட்டுட்டிருந்தேன். மூணு வருஷம். ஹோம்லேர்ந்து மகளா எடுத்துட்டு வந்தாங்க. நீ பொறந்ததுக்கப்புறம் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்படியில்ல கண்ணு, அப்ப எங்க நெலம…" என்று அவள் ஆரம்பித்தாள். கண் நிறைந்துவிட்டது; அவளுக்கு அது எப்போதும் கைவசம். "உன்னய ஒரு அடி அடிச்சிருப்பமா?"

"இல்ல. நீங்க நல்லவங்க" என்றேன். கடைக்காரருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு நடந்தேன்.

மீன் பகுதியைத் தாண்டுவதற்குள் பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அந்தப் பையன். மூச்சு வாங்கியது.

"என்னாலயா?" என்றான்.

எல்லோருக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. அவனுக்கு அந்தத் தாயின் கண்கள், வேறெதுவும் அவளுடையதாக இல்லை. அவள் இனி அவன் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பான், எப்போது தன்னை எங்கே திருப்பிக் கொடுப்பார்கள் என்று. சொன்னது நான்தான். சொல்லாமலும் இருந்திருக்க முடியாது.

"உன்னால இல்ல" என்றேன். "நீ கைக்குழந்தை. என்னப் பாத்தா சிரிப்ப."

"நெஜமா?"

"நெஜமா."

அவன் இன்னும் ஏதோ கேட்க நினைத்தான். அவள் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போனான். அவள் தோளைப் பிடிக்க வந்தபோது சற்று விலகி நடந்தான். அவர் ஒரு டாக்சியைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாஷியிடம் சொன்னேன். அவள் அப்போது ஓய்வுபெற்றிருந்தாள். முழங்கால் வலிக்கு ஏதோ களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த லாட்ஜுல தங்கிருக்காவ? சொல்லு, ஆட்டோ பிடி, நான் போயி நாலு வார்த்தை கேக்கேன்."

"தெரியாது மாஷி. வேண்டாம்."

"நீ என்ன சொன்ன?"

"நல்லவங்கன்னு சொன்னேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "அந்தப் பய பாவம்ட்டி" என்றாள். "அவனுக்கு அந்த ரெண்டு பேர விட்டா ஆளில்ல."

மன்னித்துவிடு, உனக்கே பாரம் இறங்கும் என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் உடன் வேலை பார்க்கிறவர்கள், மாஷியின் சர்ச்சுக்காரர்கள், ஒரு டாக்டர்கூட. இவர்களில் யாரையும் யாரும் எங்கேயும் திருப்பிக் கொடுத்ததில்லை. எனக்குப் பாரம் ஒன்றும் இல்லை. அவர்களை நான் வெறுக்கவும் இல்லை. வெறுப்பதற்கு அவர்கள் அந்த அளவு ஆட்கள் இல்லை. அவர்களைப் பற்றி நினைக்கும்போது, ஹோட்டலில் கால் ஆடுகிற மேஜையைப் பற்றி நினைப்பதைப்போல நினைக்கிறேன். வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு முருங்கைக்காய்ச் சாம்பாரை மாஷிதான் வைத்தாள். வழக்கம்போல உப்புக் கூடுதல். சொன்னேன். "அப்பம் நீயே வைக்க வேண்டியதுதானே" என்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.